அரைக்காசு அம்மன் ஊரிலிருந்து ஒரு வம்புக் கடிதம்

புதுக்கோட்டை

என் அருமை வாயாடிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாலு பக்கத்தில் மூன்று பக்கம் மருமகள் புராணம். அது உன் பாடு, அவள் பாடு. ஆனால் கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. "எங்க தஞ்சாவூர்ல பெரிய கோயில் இருக்கு, உங்க ஊர்ல என்ன அத்தை இருக்கு?" என்று அவள் கேட்டாளாம். நீ பதில் சொல்லாமல் குக்கரை இறக்கப் போனாயாம். ஏண்டி, ராணியார் பள்ளிக்கூடத்தில் டீச்சரையே பேசவிடாத வாய், நாக்பூர் போனதும் எங்கே போயிற்று?

உனக்கு நான் விஷயம் தருகிறேன். கோயில் கணக்கை எடுக்காதே, அதில் தஞ்சாவூர்க்காரியிடம் தோற்றுப்போவாய். வம்பில் இறங்கு. நம்ம ஊர் சரித்திரமே வம்புதான். எந்த வம்பைத் தோண்டினாலும் அடியில் ஒரு பொம்பளை உட்கார்ந்திருப்பாள். ராஜாக்கள் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தார்கள், கதையை நடத்தினவர்கள் வேறு ஆட்கள்.

அதற்கு முன்னால் சூடான செய்தி ஒன்று. 2024-இல் நம்ம ஊர் மாநகராட்சி ஆகிவிட்டது! 1974-இல் மாவட்டத் தலைநகர் ஆனபோதுகூட நம் அம்மாக்கள் இவ்வளவு அலட்டிக்கொள்ளவில்லை. இப்போது கீரைக்காரியிலிருந்து ஆட்டோக்காரர் வரைக்கும் ஒரு மிதப்பு. "மாநகராட்சிம்மா இது, பழைய விலைக்குக் கிடைக்குமா?" என்கிறாள் கத்தரிக்காய்க்காரி. வீட்டு வரி எகிறுமே என்று எங்கள் வீட்டுக்காரர் புலம்புகிறார். மற்றபடி அதே தெரு, அதே மாடு, அதே டீக்கடைப் பெஞ்சு, அதில் அதே நாலு பேர்.

தெரு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். உன் மருமகளை ஒரு நாள் இங்கே கொண்டுவந்து கண்ணைக் கட்டி விட்டாலும் வீடு வந்து சேர்ந்துவிடுவாள். நடுவில் பழைய அரண்மனை. அதைச் சுற்றி வடக்கு, தெற்கு, கீழ, மேல என்று நாலு ராஜ வீதிகள். அப்புறம் இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி, நாலாம் வீதி என்று எண் போட்டு வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தஞ்சாவூரில் ரெசிடெண்டாக இருந்த பிளாக்பர்ன் துரையின் யோசனைப்படி அன்றைய தொண்டைமான் ராஜா இப்படித் தெருவை நேராக்க ஆரம்பித்தார். பிறகு 1878 முதல் 1894 வரை இங்கே திவானாக இருந்த சேஷையா சாஸ்திரி ஊரை மறுபடி சீர் செய்தார். திருவிதாங்கூரில் திவானாக இருந்துவிட்டு வந்தவர். குளங்களைத் தூர் வாரினார், குடிதண்ணீருக்குப் புதுக்குளம் வெட்டினார், கட்டடங்கள் எழுப்பினார். கோணல் சந்து பிடிக்காத மனுஷன் போலிருக்கிறது. அவருக்குத் தெரியாத பலன் ஒன்று உண்டு: இந்த நேர்த்தெருக்களில் வம்புக்கு வளைவே கிடையாது. கீழ ராஜ வீதியில் காலையில் பெண் பார்க்க வந்தால் மேல நாலாம் வீதியில் மத்தியானச் சாப்பாட்டுக்குள் மாப்பிள்ளையின் சம்பளம் தெரிந்துவிடும்.

சரி, முதல் பொம்பளை. ராமநாதபுரத்து கிழவன் சேதுபதி ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டார், பெயர் காதலி நாச்சியார். (பெயரைப் பாரேன்! இந்தக் காலத்தில் வைத்தால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதே சிரிப்பார்கள்.) அவளுடைய அண்ணன் தம்பிகளில் ரகுநாத தொண்டைமான் கெட்டிக்காரர். மச்சினனுக்கு சேதுபதி 1686-இல் கொடுத்த சீமைதான் நம்ம புதுக்கோட்டை. அக்கா தங்கை கல்யாணத்தால் ஒரு ராஜ்யமே கிடைத்த குடும்பம், யோசித்துப் பார். இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் வெள்ளைக்காரன் காலம் முடியும் வரைக்கும் தனி சமஸ்தானமாக நின்றது நாம் ஒருவர்தான். 17 பீரங்கிக் குண்டு மரியாதை வேறு.

அது எப்படி நின்றது என்று கேட்டால் கொஞ்சம் சங்கடம். வெள்ளைக்காரனோடு கடைசி வரை ஒட்டிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். கட்டபொம்மன் 1799-இல் பிடிபட்டது நம்ம சீமைக் காட்டில். சிவாஜி படம் டூரிங் கொட்டகையில் ஓடியபோதெல்லாம் வெளியூர்ப் பிள்ளைகள் நம்மை 'காட்டிக்கொடுத்த ஊர்' என்று கிண்டல் செய்ததும், நீ ஒருத்தன்மேல் மண்ணை வாரி எறிந்ததும் ஞாபகம் இருக்கிறதா? வெள்ளைக்காரனோடு கூட்டாளி என்று ஒப்பந்தம் போட்ட ராஜா வேறென்ன செய்வார் என்று இன்றைக்கும் வாதாடுகிற தாத்தாக்கள் திலகர் திடலில் இருக்கிறார்கள். எனக்கு அந்த வாதம் பாதிதான் ஒப்பும். ஆனால் இன்னொன்று உண்டு. செய்த உதவிகளுக்காகக் கீழாநிலைக் கோட்டையையும் சுற்றுப்புறத்தையும் 1803-இல் ராஜாவுக்குக் கொடுத்தார்கள், வருஷம் ஒரு யானை கப்பம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. கொடுத்தவன் யானையைக் கேட்கவும் இல்லை, வாங்கினவர் கொடுக்கவும் இல்லை. 1836-இல் எழுத்து மூலமாகவே தள்ளுபடி செய்துவிட்டார்கள். நம்ம ஊரில் வாங்கிய கைமாற்றைத் திருப்பித் தராத பழக்கம் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? உன் சின்ன நாத்தனார் என்னிடம் வாங்கிய இட்லிப் பானை இன்னும் வரவில்லை, சொல்லிவை.

அடுத்து நம்ம அம்மன். திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள். தொண்டைமான் ராஜாக்கள் தங்களைப் 'பிரகதாம்பாள் தாஸ்' என்றே எழுதிக்கொண்டார்கள். சமஸ்தானமே அவள் பெயரில், இவர்கள் காரியஸ்தர்கள். 18-ஆம் நூற்றாண்டில் சதாசிவப் பிரம்மேந்திரர் மௌனமாகக் காட்டில் திரிந்துகொண்டிருந்தபோது ராஜா போய்ப் பணிந்தாராம், அவர் வாய் திறக்காமல் மணலில் மந்திரத்தை எழுதிக் காட்டினாராம். அந்த மணலை அள்ளிக்கொண்டு வந்து அரண்மனைக்குள் வைத்துப் பூஜை செய்தார்கள். இப்படியெல்லாம் பக்தி இருந்ததால் காசிலும் அம்மனையே போட்டார்கள். ஒரு பக்கம் உட்கார்ந்த கோலத்தில் அம்மன், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. 20 காசு சேர்ந்தால் ஓர் அணா, 320 சேர்ந்தால் ஒரு ரூபாய். 1889 முதல் அந்த அம்மன் காசு இங்கிலாந்தில் பர்மிங்காமிலிருந்து அச்சாகி வந்ததாம்! நவராத்திரியில் அரண்மனையில் அரிசி தானம் செய்யும்போது கூடவே இந்தக் காசையும் போடுவார்கள். என் பாட்டியின் அஞ்சறைப்பெட்டியில் கடுகுக்குள் ஒன்று கிடந்தது. அதற்காக என் சித்தியும் பெரியம்மாவும் பேசாமல் இருந்த கதையை உனக்குத் தனியாக எழுதுகிறேன்.

அரைக்காசு அம்மன் என்று அவளுக்குப் பெயர் வந்தது இந்தக் காசால்தான். சென்னையிலும் மதுரையிலும் பொருள் தொலைந்தால் 'அரைக்காசு அம்மா, வெல்லம் வைக்கிறேன்' என்று நேர்ந்துகொள்கிற பொம்பளைகளில் முக்கால்வாசிப் பேருக்கு அந்த அம்மன் புதுக்கோட்டைக்காரி என்று தெரியாது. உன் மருமகளும் சாவி தொலைத்தால் அவளைத்தான் கூப்பிடுவாள், கேட்டுப் பார். போன மாதம் எங்கள் எதிர்வீட்டு மாமி ஒரு வைரத் தோட்டைக் காணோம் என்று வேலைக்காரப் பெண்ணைச் சந்தேகப்பட்டு ஊரைக் கூட்டிவிட்டாள். அந்தப் பெண் அழுதுகொண்டே, "அரைக்காசு அம்மனுக்கு நானே வெல்லம் நேர்ந்துக்கறேன்" என்றாள். மறுநாளே தோடு கிடைத்தது. எங்கே தெரியுமா? மாமாவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டில். அங்கே எப்படிப் போனது என்று மாமா இன்னும் விளக்கவில்லை. முந்தின நாள் அவரை அடகுக்கடை வாசலில் பார்த்ததாகப் பால்காரர் சொல்கிறார். மாமி அந்தப் பெண்ணுக்குப் புதுப் புடவை எடுத்துக் கொடுத்தாள். வெல்லம் மட்டும் மாமா செலவு.

இப்போது பெரிய வம்புக்கு வருகிறேன், காபியைக் கையில் எடுத்துக்கொள். மார்த்தாண்ட பைரவ தொண்டைமான். 1886-இல் தாத்தாவின் சுவீகாரப் பிள்ளையாகப் பட்டத்துக்கு வந்தபோது சின்னப் பையன். அதே 1886-இல் இதே ஊரில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியில் பிரின்சிபால். அம்மா சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். பெண் பெரியவளாகி, 'நானும் கல்லூரியில் படிப்பேன்' என்று நின்றாள். பையன்கள் படிக்கிற கல்லூரி! ஊர் கொதித்தது. ஒரு பெண் வந்தால் எங்கள் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று பெற்றவர்கள் ஆட்சேபித்தார்கள். மார்த்தாண்டர்தான் 'சேர்த்துக்கொள்' என்றார். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் கேட்டவள் 1912-இல் டாக்டர். யாரென்று உனக்குத் தெரியும், முத்துலட்சுமி ரெட்டி. 1927-இல் சென்னை மாகாணச் சட்டசபையின் துணைத் தலைவர். தன் அம்மா பிறந்த மரபில் இனி ஒரு பெண்ணும் பொட்டுக்கட்டிக்கொள்ளக் கூடாது என்று சட்டத்துக்குப் போராடி, 1947-இல் அது வந்தபோது கண்ணால் பார்த்தார். 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. தஞ்சாவூர்க்காரி வீட்டில் யாராவது அங்கே சிகிச்சைக்குப் போயிருப்பார்கள். அது எங்கள் தெருவில் முளைத்த யோசனை என்று சொல்.

அந்த ராஜாவைப் பற்றி ஊரில் யாரிடமாவது கேட்டுப் பார். முத்துலட்சுமிக்கு இடம் கொடுத்ததைச் சொல்லமாட்டார்கள். கண்ணைச் சிமிட்டிக்கொண்டு "மோலி" என்பார்கள். எனக்கு இதில் ஆத்திரம் உண்டு. ஆத்திரம் இருந்தாலும் மோலி கதையைச் சொல்லாமல் இருக்க முடியுமா?

ராஜாவுக்கு நாற்பதை நெருங்கும் வயது. ஐரோப்பா எல்லாம் சுற்றியவர். ஆஸ்திரேலியாவில் மோலி ஃபிங்க் என்ற மெல்போர்ன் பெண்ணைப் பார்த்தார். அவளுக்கு இருபதை ஒட்டின வயது. 1915 ஆகஸ்டில் மெல்போர்னில் பதிவுத் திருமணம். வெள்ளைக்கார சர்க்கார் பல்லைக் கடித்தது. கறுப்பு ராஜா வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டுவதா? அவளை மகாராணி என்று ஒப்புக்கொள்ள மாட்டோம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். நம்ம ஊர் ஜனங்களோ, இரண்டு பேரும் இங்கே வந்து இறங்கியபோது மாலையும் மேளமுமாக வரவேற்றார்கள். ஜனங்களுக்கு என்ன, ராஜா கட்டினவள் ராணி. அரண்மனைக்குள்தான் நிலவரம் வேறு. மோலி உண்டானாள். உடனே உடம்பு படுத்தது. அரளி விஷம் வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகம். யார் வைத்தது என்று என் பாட்டிக்கு ஒரு கட்சி, உன் பாட்டிக்கு ஒரு கட்சி. இரண்டு பேரும் பல்லவன் குளத்துப் படிக்கட்டில் அதற்காகவே சண்டை போட்டதை நான் கேட்டிருக்கிறேன். சில மாதங்கள்தான் இருந்தார்கள். 1916-இல் கிளம்பியே போய்விட்டார்கள். அந்த வருஷமே சிட்னியில் பிள்ளை பிறந்தது, பெயர் மார்த்தாண்ட சிட்னி. ஊர்ப் பெயரையே பிள்ளைக்கு வைத்தார்கள் பார்.

அப்புறம் ராஜா குதிரைப் பந்தயம், பிரான்ஸில் கான் நகரத்து மாளிகை என்று இருந்துவிட்டார். 1922 முதல் சகோதரர் ரீஜெண்டாக இருந்து ராஜ்யத்தைப் பார்த்துக்கொண்டார். 1928-இல் பாரிஸில் ராஜா இறந்தார். சொந்த ஊரில் தகனம் செய்யவும் விடவில்லை. லண்டனில் கோல்டர்ஸ் கிரீன் சுடுகாட்டில் எரித்தார்கள். சிட்னிக்குப் பட்டம் கிடையாது, அம்மா வெள்ளைக்காரி ஆயிற்றே. மோலி அதற்கப்புறம் ஏறக்குறைய நாற்பது வருஷம் வாழ்ந்தாள், நாகரிகமான உடுப்பும் விருந்துமாக. செசில் பீட்டன் என்ற பெரிய புகைப்படக்காரர் அவளைப் படம் எடுத்திருக்கிறார். 1967-இல் கானில் போய்ச் சேர்ந்தாள். அவள் அஸ்தி கோல்டர்ஸ் கிரீனில் அவர் அஸ்தியோடு இருக்கிறது. அவள் பணத்துக்காகக் கட்டினாள் என்று என் பாட்டி கடைசி வரை சொன்னாள். அப்படியானால் அஸ்தியை எதற்கடி அங்கே கொண்டுபோக வேண்டும்?

பட்டம் ஆறு வயது ராஜகோபால தொண்டைமானுக்குப் போனது. அவர் கதை சுருக்கம். 1948 மார்ச் 3-இல் கஜானாவோடு சமஸ்தானத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தார், கல்யாணமே செய்துகொள்ளவில்லை, 1997-இல் காலமானார். அவருடைய அரண்மனைதான் இப்போது கலெக்டர் ஆபீஸ். திங்கட்கிழமை மனுநாளில் போய்ப் பார். பட்டா கேட்டு, முதியோர் பென்ஷன் கேட்டு, ஊர் ஊராகப் பொம்பளைகள் தர்பார் வளைவுகளுக்குக் கீழே தூக்குச்சட்டியைத் திறந்து புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். இந்த ஊரில் எனக்கு ரொம்பப் பிடித்த காட்சி அதுதான்.

நீ கல்யாணமாகிப் போன பிறகு நடந்ததை உனக்குச் சரியாகச் சொன்னதே இல்லை. 1991-இல் அறிவொளி இயக்கம் வந்தது. எழுத்துச் சொல்லிக் கொடுப்பதோடு நிற்காமல், கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் பொம்பளைகளுக்கு சைக்கிள் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். முதலில் ஊர் ஆண்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! கல் உடைக்கிறவள், களை எடுக்கிறவள், அங்கன்வாடி ஆயா, முக்காடு போட்ட பாத்திமாக்கள், எல்லாரும் பொட்டலில் விழுந்து எழுந்து முழங்கால் தேய்ந்து கற்றுக்கொண்டார்கள். சைக்கிளுக்கென்றே அறிவொளித் தொண்டர் ஒருவர் பாட்டு எழுதினார், அது பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. லட்சம் பேருக்கு மேல் கற்றுக்கொண்டதாகக் கணக்குச் சொல்கிறார்கள். கடையில் லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு. நம் ஆட்கள் கவலைப்படவில்லை, ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். அதில் ஒரு சௌகரியம், முன்னால் இருக்கிற பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம். பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடம். பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம், புருஷன் கொண்டுவிட வேண்டாம், மார்க்கெட்டுக்குக் காய்கறியை அவளே ஏற்றிப் போவாள். என் மாமியார் உட்பட, "பொம்பளைக்கு எதுக்குடி சைக்கிள்?" என்று கேட்டவர்களெல்லாம் ஒரு வருஷத்துக்குள், "கடைக்குப் போறியா, எனக்கும் அரைக் கிலோ சீனி" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். கோபுரம் எழுப்பின ராஜராஜனுக்குக் கல்வெட்டு இருக்கிறது. இந்தப் பொம்பளைகளுக்கு எங்கே இருக்கிறது? வந்தால் உன் மருமகளிடம் நானே கேட்கிறேன்.

சினிமா கேட்டால்? சின்னப்பா இருக்கிறார். பி.யு. சின்னப்பாவில் முதல் எழுத்தே புதுக்கோட்டைதான். 1940-இல் 'உத்தமபுத்திரன்' படத்தில் இரட்டை வேடம் போட்டவர். சம்பாதித்த பணத்தில் இங்கே வீடு வீடாக வாங்கித் தள்ள, 'இனி வாங்கக் கூடாது' என்று அரண்மனையிலிருந்தே உத்தரவு வந்ததாக ஊரில் கதை. ஏதாவது பழைய வீட்டைக் காட்டினால் போதும், "சின்னப்பா வீடு" என்பார்கள், எனக்கு நம்பிக்கை கிடையாது. ஜெமினி கணேசனும் இந்த ஊரில் பிறந்தவர்தான், முத்துலட்சுமி ரெட்டி அவருக்கு அத்தை முறை. அவர் வம்பை நான் சொல்லித் தெரிய வேண்டுமா?

பாட்டுக் கச்சேரிக்குப் போகிற பெண்ணென்றால் கஞ்சிராவையும் சொல். மாமுண்டியா பிள்ளை என்பவர் இங்கே அரண்மனையில் விளக்கு வேலை பார்த்தவர், அவர் கையில்தான் அது கச்சேரி வாத்தியம் ஆயிற்று. அவர் சிஷ்யர் தட்சிணாமூர்த்தி பிள்ளை மிருதங்கத்திலும் பேர் வாங்கினார்.

தஞ்சாவூர் வழியாக வந்தால் ஆதனக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்காமல் இருக்காதே. ரோட்டோரமாகப் பெண்கள் முந்திரிக்கொட்டையை வறுத்து, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே உடைத்துத் தருவார்கள். பாக்கெட்டில் வருகிற முந்திரிக்கு அந்த வாசனை கிடையாது. ஜூன் மாதம் வந்தால் ஆலங்குடி, வடகாடு பக்கத்துப் பலாப்பழம் லாரி லாரியாகப் போகும். சுளையைப் பிரித்துத் தருவது என் வேலை, கொட்டையைச் சுட்டுத் தருவது எங்கள் வீட்டுக்காரர் வேலை. மருமகளைக் கூட்டிக்கொண்டு வா. திருக்கோகர்ணத்தில் 1910-இல் ஆரம்பித்த மியூசியத்தை ஒரு மணி நேரம் பார்க்கட்டும், சித்தன்னவாசல் தாமரைக்குளத்து ஓவியத்தையும் பார்க்கட்டும், சமணர்கள் காலத்தது. வெயிலுக்குத் தலையில் ஏதாவது போட்டுக்கொள்ளச் சொல், அந்தப் பாறை சுட்டெரிக்கும். என்ன தேதி என்று முன்கூட்டியே எழுது, அந்த வாரம் நாத்தனார் வருவதாகச் சொல்லியிருக்கிறாள், அவளைத் தள்ளிப்போட வேண்டும்.

இப்படிக்கு,
உன் வம்புக்காரி

பி.கு.: மேல மூன்றாம் வீதியில் நமக்கு டியூஷன் எடுத்த கணக்கு வாத்தியார் ரிடையர் ஆகி, வயலின் கற்றுக்கொள்கிறார். கற்றுக்கொடுப்பது யார் என்று எழுதினால் இந்தக் கடிதத்தை உன் வீட்டில் ஒளித்து வைக்க வேண்டியிருக்கும். போன் செய், சாயந்திரம் ஐந்துக்கு மேல். அதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.